48,000 ரூபாய் எங்கே? சபைப் பொருளாளராக இருந்து நான் பட்ட பாடு

2023 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. கடையை அடைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மணி இரவு பத்தே முக்கால். என் மனைவி தட்டில் தோசையைப் போட்டுவிட்டுத் தன் போனையும் பக்கத்தில் வைத்தாள். "இதப் பாத்தீங்களா?" என்றாள். சபை வாட்ஸ்அப் குழுவில் இரண்டு போட்டோ. ஒன்று ஆலயக் கணக்கு பாஸ்புக்கின் ஒரு பக்கம். இன்னொன்று அறுப்பின் பண்டிகை ஏல வரவை நான் என் கையால் எழுதிய தாள். கீழே ஒரு செய்தி: "ஏலத்துல வந்தது 2,86,450. பேங்க்ல கட்டினது 2,38,450. மீதி 48,000 எங்கே?" என் பேர் அதில் இல்லை. எங்கள் சபைக்குப் பொருளாளர் ஒரே ஆள்தான், பேர் எதற்கு?

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். அப்போது பொருளாளராக மூன்றாவது வருஷம். அந்த இரவுக்கும் என் பேர் சுத்தமான நாளுக்கும் இடையில் ஆறு மாதம் ஓடியது. அந்த ஆறு மாதத்தில் எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் நிறைய. "இதைச் செய், இதைச் செய்யாதே" என்று சொல்ல ஒருவரும் இல்லை. நானாகத் தட்டுத் தடுமாறி எல்லாத் தப்பையும் செய்து முடித்தேன். காணிக்கைப் பணத்தைக் கையில் தொடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், என் தப்பில் பாதியாவது அவர்களுக்கு மிச்சமாகட்டும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் போடுவோம். எங்கள் பக்கத்து ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு தேங்காய் இரண்டாயிரத்துக்குப் போகும். கர்த்தருக்குக் கொடுக்கிற சந்தோஷம் பாதி, பக்கத்து வீட்டுக்காரரை மிஞ்சுகிற சந்தோஷம் பாதி. சாயங்காலம் எண்ணி முடித்தபோது 2,86,450 ரூபாய். அடுத்த ஞாயிறு அசனம், அதாவது சபை விருந்து. நான்கு வீட்டார் ஆளுக்கொரு ஆடு நேர்ச்சையாகக் கொடுத்திருந்தார்கள். எண்ணூறு பேர் சாப்பிடுகிற அசனத்துக்கு நாலு ஆடு எந்த மூலைக்கு? "இன்னும் ஆறு வாங்கிரும். ஏலப் பணத்துல இருந்தே எடுத்துக்கிடும்" என்று ஐயர் சொன்னார். (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் சபை குருவை ஐயர் என்றுதான் சொல்லுவோம்.) நான் 48,000-ஐத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைத் திங்கட்கிழமை பேங்கில் கட்டினேன். சனிக்கிழமை விடியக்காலம் ஒரு லோடு ஆட்டோவைப் பிடித்து எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போய், எட்டாயிரம் வீதம் ஆறு ஆடு வாங்கி வந்தேன். சந்தையில் போய் ஆட்டுக்காரரிடம் பில் கேட்டால் சிரிப்பார். நான் கேட்கவும் இல்லை.

அசனச் செலவுக்குத் தனிக் கமிட்டி, தனி நோட்டு. அரிசி, பருப்பு, காய்கறி, சமையல் கூலி எல்லாம் அந்த நோட்டில் ஏறியது. ஆட்டை மட்டும் நான் நேராக வாங்கியதால் அது அந்த நோட்டிலும் இல்லை, என் கணக்கிலும் செலவாக எழுதப்படவில்லை. என் சட்டைப்பை டைரியில் "ஆடு 6 - 48000" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அசனத்தன்று ஐயர், "ஆடுகளை நேர்ச்சையாகக் கொடுத்த குடும்பங்களுக்கு நன்றி" என்று அறிவித்தார். பத்து ஆடும் காணிக்கையாக வந்தது என்று ஊரே நினைத்துக்கொண்டது. நானும் பந்தியில் பரிமாறிக்கொண்டே அதைக் கேட்டேன். திருத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஆகவே முதல் தப்பு என்னுடையது. திருடவில்லை, ஆனால் திருடினவன் மாதிரி தெரிகிறபடி கணக்கு வைத்திருந்தேன். காணிக்கை எவ்வளவு வந்ததோ அவ்வளவும் முழுசாக பேங்கில் ஏற வேண்டும். அடுத்த மணி நேரமே செலவு இருந்தாலும் சரி, கட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எண்ணும்போது இரண்டு பேர், தாளில் இரண்டு கையெழுத்து. பில் கிடைக்காத இடத்தில் செலவு செய்தால் நாமே ஒரு வவுச்சர் எழுதி, வாங்கினவரிடம் கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும். கூட ஒரு சாட்சி போக வேண்டும். 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தைச் சின்ன வயதிலிருந்து வாசிக்கிறேன், இந்தக் கண்ணோடு வாசித்ததே இல்லை. எருசலேமுக்குத் தர்மப் பணம் சேர்த்த பவுல், அதைத் தான் ஒருவனாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவை அனுப்புகிறார், சபைகள் தெரிந்தெடுத்த இன்னொரு சகோதரனையும் கூட அனுப்புகிறார். யாரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாக இருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று காரணத்தையும் எழுதுகிறார். பவுலுக்கே துணையாள் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு லோடு ஆட்டோக்காரர் போதும் என்று நினைத்துவிட்டேன்.

அந்த இரவுக்கு வருகிறேன். தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கை நடுங்கியது. பதினொன்றரைக்குள் குழுவில் மூன்று வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டேன். முதலாவதில் ஆட்டுக் கணக்கைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவதில், கேட்ட பையன் சென்னையில் உட்கார்ந்துகொண்டு வருஷத்துக்கு இரண்டு தடவை சபைக்கு வருகிறவன் என்றேன். மூன்றாவதில்தான் பெரிய பாவம். பாஸ்புக் இருந்த அலமாரிக்குச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று செயலாளரிடம். நான் போட்டோ எடுக்கவில்லை என்றால் அவர்தான் எடுத்து அந்தப் பையனுக்கு அனுப்பியிருக்க வேண்டும். எனக்கு அது வெட்டவெளிச்சமாக இருந்தது. "கமிட்டி எலெக்ஷன்ல தன் ஆள் தோத்த கோவத்துல ஆள் வெச்சு அடிக்காரு" என்று பேர் சொல்லியே பேசினேன். என்மேல் ஆதாரம் இல்லாமல் பழி சொன்ன ஒரு மணி நேரத்துக்குள், ஆதாரம் இல்லாமல் இன்னொருத்தர்மேல் நான் பழி சொல்லியாயிற்று. அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த மெசேஜ்களை நீக்கப் பார்த்தேன். கேட்டவர்கள் கேட்டாயிற்று, அனுப்பினவர்கள் அனுப்பியாயிற்று. இரவில் பதில் சொல்லாதீர்கள். "இதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் கணக்கோடு பதில் சொல்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு போனை அணைத்துவிட்டால் போதும். எவ்வளவு நீளமாகப் பேசுகிறோமோ அவ்வளவு குற்றவாளியாகத் தெரிகிறோம்.

அப்புறம் கதை வளர்ந்த விதம் இருக்கிறதே. என் மகள் வேலைக்குப் போகத் தவணையில் ஒரு பழைய ஸ்கூட்டர் எடுத்திருந்தாள். முதல் வாரம் "ஸ்கூட்டர் எப்படி வந்தது?" என்றார்கள். மூன்றாம் வாரம் தூத்துக்குடியில் நான் பிளாட் வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். 48,000 ரூபாயில் பிளாட் கிடைக்கும் இடத்தை யாராவது எனக்கும் காட்டியிருக்கலாம். ஆலயத்தில் புதிதாக வயரிங் செய்கிற வேலை எனக்கு வருவதாக இருந்தது, 35,000 ரூபாய்ச் சாமான். அது வேறு கடைக்குப் போனது. இவையெல்லாம் தாங்கக்கூடியவை. மார்ச் மாதம் மகளுக்கு நாகர்கோவில் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள். பத்து நாள் கழித்து மாப்பிள்ளையின் தாய்மாமா போன் பண்ணினார். "சபைல விசாரிச்சோம். ஏதோ கணக்கு விஷயம் இருக்குன்னு சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். என் மகள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், இருட்டின பிறகும்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு நண்பர் நல்லெண்ணத்தில் ஒரு யோசனை சொன்னார். "அண்ணாச்சி, பணம் போனாப் போகுது. 48,000-ஐக் கட்டிருங்க. வாய் அடைஞ்சிரும்." பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் மனைவியின் செயினை அடகு வைத்து, நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டியில் வாங்கிக் கட்டினேன். வாய் அடையவில்லை. "எடுக்காட்டா ஏன் கட்டுதாரு?" என்றார்கள். நியாயமான கேள்விதானே! நானே வெளியிலிருந்து பார்த்திருந்தால் அப்படித்தான் கேட்டிருப்பேன். நாம் எடுக்காத பணத்தைச் சமாதானத்துக்காகக் கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால், "குற்றத்தை ஒப்புக்கொண்டு அல்ல, விசாரணை முடியும்வரை வைப்பாக" என்று எழுதிக் கொடுத்து, அதற்கு ரசீது வாங்குங்கள். எனக்கு அந்த ரசீதில் "பண்டிகை ஏல பாக்கி" என்று எழுதிக் கொடுத்தார்கள். நானும் வாசிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தெரிந்த வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். பேசியதற்கும் நோட்டீஸ் எழுதியதற்கும் 2,500 ரூபாய். அவதூறுக்கு அப்போது இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 பிரிவுகள், இரண்டு வருஷம் வரை சிறை என்றார். (2024 ஜூலையிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு.) அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒருவர்மேல் சந்தேகம் இருந்தால், அவர்மேல் அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுப்பது அவதூறு ஆகாது என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறதாம். அந்தச் சென்னைத் தம்பி ஐயரிடமோ கமிட்டியிடமோ கேட்டிருந்தால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. கேட்பது அவர் கடமை. முந்நூறு பேர் இருக்கிற குழுவில் ராத்திரியில் கேட்டதுதான் வேறு காரியம். சட்டம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து மத்தேயு 18-ஐ எடுத்தால் அங்கேயும் அதே வரிசை: முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில், அப்புறம் இரண்டொரு பேரைக் கூட்டிக்கொண்டு, அதற்கும் கேட்கவில்லை என்றால்தான் சபைக்கு. எங்கள் ஊரில் கடைசிப்படி முதலில் நடந்துவிட்டது. நோட்டீஸை அனுப்பவில்லை. பெரிய பக்தியால் அல்ல. வழக்கென்று போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், மகள் கல்யாணம் அதுவரை நிற்குமா என்கிற பயம்.

சபையில் யாரும் என்னைக் கண்டபடி பேசிவிடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். நான் போய் நின்றால், "நாங்க யாரையும் நியாயந்தீர்க்கிறதில்ல அண்ணாச்சி. கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்பார்கள். கமிட்டியில் இரண்டு தடவை விசாரிக்கச் சொல்லிக் கேட்டேன். "குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்னு வேதம் சொல்லுது. விட்டுருங்க, ஜெபிப்போம்" என்று முடித்துவிட்டார்கள். கேட்கும்போது எவ்வளவு அன்பான வார்த்தை! ஆனால் அதன் அர்த்தம் என்ன? நீ எடுத்திருப்பாய், நாங்கள் பெருந்தன்மையாக விட்டுவிடுகிறோம் என்பதுதானே? எடுக்காத ஒருவனுக்கு மன்னிப்பு எதற்கு? எனக்கு வேண்டியிருந்தது நியாயத்தீர்ப்பு. என்னை உட்கார வைத்து, கேள்வி கேட்டு, எடுத்தான் அல்லது எடுக்கவில்லை என்று ஒரு முடிவு சொல்லியிருந்தால் போதும். அந்த ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய தண்டனை, யாரும் என்னைத் தீர்க்காமல் விட்டதுதான்.

மத்தேயு 7-ஆம் அதிகாரத்தை அந்த நாட்களில் எத்தனை தடவை வாசித்தேன் என்று கணக்கில்லை. முதல் வசனத்தோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். ஐந்தாம் வசனத்துக்கு வாருங்கள். உன் கண்ணில் இருக்கிற உத்திரத்தை முதலில் எடுத்துப்போடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கும் துரும்பை எடுத்துப்போட வகை பார்ப்பாய் என்று இருக்கிறது. துரும்பை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. நன்றாகப் பார்வை தெரிந்த பிறகு எடுக்கச் சொல்கிறார். கண்ணில் துரும்பு விழுந்தவனுக்குத் தெரியும், எடுக்க ஆள் வராவிட்டால் என்ன வேதனை என்று. யோவான் 7:24 இன்னும் பட்டவர்த்தனம்: "தோற்றத்தின்படி தீர்ப்புசெய்யாமல், நீதியின்படி தீர்ப்புசெய்யுங்கள்." தீர்ப்புச் செய்யுங்கள் என்றுதான் இருக்கிறது.

இதைப் பேச எனக்கு இருந்த ஒரே ஆள் என் மாமனார். தரங்கம்பாடிப் பக்கம், பரம்பரை லுத்தரன் குடும்பம், பள்ளி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706-இல் அங்கே கப்பல் இறங்கிய கதையைக் கேட்காமலே சொல்லுவார். மே மாதம் போனபோது என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, "மாப்பிள்ளை, பத்துக் கட்டளைல பொய்ச்சாட்சி உங்களுக்கு எத்தனாவது கற்பனை?" என்றார். ஒன்பதாவது என்றேன். "எங்களுக்கு எட்டாவது. எண்ணிக்கைலதான் வித்தியாசம்" என்று சிரித்துவிட்டு, சின்ன வயதில் மனப்பாடம் செய்த லுத்தரின் சிறிய ஞானோபதேசத்திலிருந்து அதற்கான விளக்கத்தைச் சொன்னார். பிறனைப் பற்றிப் பொய் சொல்லாதே, புறங்கூறாதே என்பதோடு அது நிற்கவில்லை. அவனுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லதைச் சொல், அவன் செய்த எதையும் நல்ல அர்த்தத்திலேயே எடுத்துக்கொள் என்று போகிறது. அந்தக் கடைசிப் பகுதியில் மாமா நிறுத்தினார். "நீங்க செயலாளரைப் பேசினீங்களே, அதுக்கு நல்ல அர்த்தம் ஏதாவது தேடிப் பாத்தீங்களா?" நான் அங்கே போனது ஆறுதலுக்காக. அவர் என்னையே கூண்டில் ஏற்றிவிட்டார். கோபத்தோடுதான் பஸ் ஏறினேன். பாதி வழியில் அழுதேன்.

ஜூன் மாதம் பழைய ஐயர் மாற்றலாகி, புதிய ஐயர் வந்தார். போகிறவரிடம் கடைசியாக ஒருமுறை கேட்டேன். "ஆடு வாங்கச் சொன்னேன், எத்தனைன்னு ஞாபகம் இல்லியே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பண்டிகை நேரத்தில் நூறு பேரிடம் நூறு வேலை சொல்லியிருப்பார். வாய்மொழி உத்தரவை அன்றைக்கே ஒரு துண்டுச்சீட்டிலோ போன் செய்தியிலோ உறுதி செய்து வைக்காதது என் பிழை. "ஐயா சொன்னபடி ஆறு ஆடு, 48,000" என்று ஒரு வரி அவருக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

புதிய ஐயர் வந்த இரண்டாம் வாரம் போய் நின்றேன். எல்லோரும் சொன்னதையே இவரும் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "எழுதிக் கொடுங்க" என்றார். "நான் உங்களை நம்புறேன்னு சொல்ல மாட்டேன். சந்தேகப்படுறேன்னும் சொல்ல மாட்டேன். விசாரிச்சிட்டுச் சொல்றேன்." ஐந்து மாதத்தில் நான் கேட்ட மிக நல்ல வார்த்தை அதுதான். அந்த ஞாயிறு பிரசங்கத்துக்கு யோசுவா 22-ஐ எடுத்தார். யோர்தான் ஓரத்தில் ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் ஒரு பெரிய பீடம் கட்டுகிறார்கள். வேறு தெய்வத்துக்குக் கட்டிவிட்டார்கள் என்று மற்றவர்கள் சீலோவில் கூடி யுத்தத்துக்கே கிளம்புகிறார்கள். கிளம்பினாலும் முதலில் பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பிக் கேட்கிறார்கள். கேட்டால், அது பலி செலுத்தும் பீடமே இல்லை, நாங்களும் உங்கள் ஜனம்தான் என்று பின்சந்ததிக்குச் சாட்சியாக வைத்த பீடம். பதினொரு பேர் நடந்து போய்க் கேட்டதால் ஒரு யுத்தம் நின்றது. ஐயர் என் பேரை எடுக்கவில்லை. ஆலயத்தில் எல்லோரும் விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

விசாரணைக்கு இரண்டு பேரைப் போட்டார். ஒருவர் ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலர், ஒருவர் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா. என்னையும் அந்தச் சென்னைத் தம்பியையும் தனித்தனியாகக் கேட்டு, எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். தம்பி போனிலேயே பதில் சொன்னார், அதையும் எழுதினார்கள். என் பக்கம் பேசுவதாக வந்தவர்களையும், எதிர்ப்பக்கம் வந்தவர்களையும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "நீங்க கண்ணால பாத்தீங்களா, யாரும் சொல்லிக் கேட்டீங்களா?" முக்கால்வாசிப் பேர் அங்கேயே எழுந்து போய்விட்டார்கள். இரண்டு மூன்று சாட்சி என்று உபாகமம் 19-இல் வருவதைப் பலரும் ஆள் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்கிறோம். ஒரே போட்டோவைப் பார்த்த முந்நூறு பேர் சேர்ந்தாலும் அது ஒரு சாட்சி ஆகாது. பொய்ச்சாட்சியால் கல்லெறிந்து கொல்லப்பட்ட நாபோத்துக்கு விரோதமாகக்கூட இரண்டு சாட்சி சரியாக இருந்தது. அதனால்தான் அதே உபாகமம் 19, நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

அப்புறம் நடந்தது எனக்கு இன்றைக்கும் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருக்கிறது. அந்த அக்கா நேரே சமையல்காரரிடம் போனார். "அசனத்துக்கு எத்தனை ஆடு அறுத்தீங்க?" "பத்து." அடுத்து நேர்ச்சை ஆடு கொடுத்த வீடுகளைக் கேட்டார். நாலு வீடு, நாலு ஆடு. பத்தில் நாலு போனால் ஆறு. அரை மணி நேர வேலை. ஆறு மாதமாக ஊரில் ஒருவரும், நான் உட்பட, இந்தக் கழித்தல் கணக்கைப் போடவில்லை. விலையை உறுதி செய்ய லோடு ஆட்டோக்காரரைத் தேடினார்கள். அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி பழைய நோட்டை எடுத்துக் கொடுத்தார். நவம்பர் மாதம் அந்தச் சனிக்கிழமையில் "எட்டயபுரம் - ஆடு 6" என்று இருந்தது, நோட்டின் நடுவில் சந்தையில் ஆட்டுக்குக் கட்டிய சுங்கச் சீட்டும் இருந்தது. கேட்டால் கிடைத்திருக்கும். நான் சத்தம்தான் போட்டேனே ஒழிய, ஒரு சாட்சியையும் எழுதி வாங்கவில்லை. பழி வந்தால் முதல் வாரத்திலேயே, ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே, யார் யாருக்கு என்ன தெரியும் என்று எழுதி வாங்கிவிடுங்கள். மற்ற எல்லாப் பேச்சையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

போட்டோ விஷயமும் அதில் வெளிவந்தது. பாஸ்புக்கில் பதிவு போட பேங்குக்கு அனுப்பிய பையன், உள்ளே மடித்திருந்த ஏலத் தாளைப் பார்த்துக் கணக்கு இடிக்கிறதே என்று எடுத்தானாம். சென்னைத் தம்பி அவன் சேக்காளி. அந்தப் பையனை பேங்குக்கு அனுப்பியதே நான்தான். செயலாளருக்கு இதில் எள்ளளவும் சம்பந்தம் இல்லை.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் வைத்தே, "தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அவர் உள்ளே கூப்பிட்டு, காப்பி கொடுத்து, ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். கடைசியில், "என் பேரன் அந்த வாய்ஸைக் கேட்டுட்டு, தாத்தா நீங்க கெட்டவங்களான்னு கேட்டான்" என்றார். என் மகள் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் அதே குழுவில், அவர் பேரைச் சொல்லி, நான் சொன்னது பொய் என்று பேசி அனுப்பினேன். அதில் ஒரு "ஆனால்" கூடச் சேர்க்கவில்லை. சேர்க்க நாக்கு துடித்தது.

என் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஆசீர்வாதம் கூறி, பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, "பண்டிகைக் கணக்கு சரிபார்க்கப்பட்டது, பொருளாளர்மேல் குறை இல்லை" என்று கமிட்டி உறுப்பினர் ஒருவர் வாசித்தார். குழுவில் ஒரு வார்த்தை இல்லை. தாவீது ராஜா, சீபா என்கிற வேலைக்காரனின் ஒருதலைப் பேச்சைக் கேட்டு, அவன் எஜமானான மேவிபோசேத்தின் சொத்தையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு மேவிபோசேத் வந்து உண்மையைச் சொன்னபோது, நிலத்தைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்றாரே, அதுதான் ஞாபகம் வந்தது. ராஜாவுக்கே தன் தீர்ப்பை முழுசாகத் திரும்ப எடுக்க மனம் வரவில்லை. நான் விடவில்லை. ஐயரிடம் போய், பழி எங்கே எழுதப்பட்டதோ அங்கேயே திருத்தமும் எழுதப்பட வேண்டும் என்றேன். அறிக்கையின் முழுப் பிரதியில் கையெழுத்தும் முத்திரையும் கேட்டேன். அவர் மறுப்புச் சொல்லாமல் கொடுத்து, குழுவிலும் தானே போட்டார். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அந்தத் தாளை வாங்காமல் எழுந்துவராதீர்கள். அடுத்து வந்த சம்பந்தத்துக்கு அதை முதலில் எடுத்து வைத்தேன். மகள் கல்யாணம் மறுவருஷம் நல்லபடி நடந்தது.

நான் கட்டிய 48,000-ஐ மூன்று தவணையில் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசித் தவணை வந்த பிறகே செயினை மீட்டேன்; எட்டு மாத வட்டி 5,760 ரூபாய் போனது போனதுதான். நடுவில் மூன்று மாதம் சொந்த ஆலயத்தில் திருவிருந்து எடுக்காமல் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறிப் போனேன். அதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அந்தத் தம்பி கிறிஸ்மஸ் லீவுக்கு வந்தபோது கடைக்கு வந்தார். சீரியல் லைட் வேண்டும் என்றார். எடுத்துக் காட்டினேன். பல்பு எரிகிறதா என்று போட்டுப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம் அண்ணாச்சி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "கேட்டிருக்கலாம் தம்பி. கேக்க வேண்டிய கேள்விதான்" என்றேன். 180 ரூபாய். பில் போட்டுக் கொடுத்தேன்.

பொருளாளர் பதவியை நான் விட்டுவிட்டேன். ஆனாலும் அந்த வருஷ அசனத்துக்கு ஆடு வாங்க என்னையும் கூப்பிட்டார்கள். ஏலப் பணம் முழுவதும் பேங்கில் ஏறி, அங்கிருந்து எடுத்த பணம். செயலாளர், புதிய பொருளாளர், நான், மூன்று பேரும் வவுச்சர் புத்தகத்தோடு எட்டயபுரம் போனோம். விலை முடித்து, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, புதிய பொருளாளர் பேனாவை நீட்டினார். ஆட்டுக்காரர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "என்ன, ஆட்டுக்குப் பத்திரம் பதியிறியளா?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.